எந்தப் பக்கமும் ஓடும் காற்று வண்டி

சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், நகராது. சில்லு முன்னும் பின்னும்தான் உருளும். நான்கு பக்கமும் போகக்கூடிய வண்டி வேண்டுமென்றால் என்ன செய்வது? காற்றைக் கொண்டு தள்ளுவதே எளிய வழி. பாடசாலை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தாய்மார்களும் இதன் சூட்சுமத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

களத்தில் நெல் தூற்றும்போது காற்று பதரை ஒதுக்கித் தள்ளுவதைப் பார்த்தவர்கள் நாம். அதே காற்று வண்டியையும் தள்ளும். விசிறி காற்றைப் பின்னே தள்ள, காற்று விசிறியை முன்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான்.

இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் கொக்கரெல் 1955இல் செய்த பரிசோதனைக்கு வேண்டியிருந்தவையும் வீட்டுச் சாமான்களே. கோப்பி டின்னுக்குள் பூனை உணவு டின்னை வைத்து, இடைவெளி வழியே காற்றை ஊதி, அதன் அழுத்தத்தைச் சமையலறைத் தராசில் அளந்தார். அதிலிருந்து பிறந்த ஹோவர்கிராஃப்ட் 1959 ஜூலை 25இல் கலேயிலிருந்து டோவருக்குக் கடல் கடந்தது. நமக்கு அக்கரையிலுள்ள மண்டபத்தில் இந்தியக் கடலோரக் காவற்படையும் இவற்றைப் பயன்படுத்துகிறது.

முதலில் எளியதைச் செய்வோம். பழைய சீடியின் நடுத்துளை மேல், இழுத்துத் திறக்கும் போத்தல் மூடியைக் காற்றுக் கசியாமல் ஒட்டுங்கள். மூடியை அடைத்து, ஊதிய பலூனை அதில் மாட்டுங்கள். வழவழப்பான மேசையில் வைத்து மூடியைத் திறந்தால், சீடி மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கும். விரல் பட்டாலே எந்தப் பக்கமும் வழுக்கும்.

அடுத்தது விசிறி வண்டி. ரெஜிபோமில் ஒரு வட்டத்தட்டு வெட்டுங்கள். காலியான ரோல்-ஒன் அத்தர் போத்தல்களின் உருண்டைத் தலைகள் மூன்றை அடியில் பொருத்துங்கள். ஏன் மூன்று? முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாது. தட்டின் ஓரத்தில் சம இடைவெளியில், அதாவது 120 பாகைக்கு ஒன்றாக, மூன்று சிறு மோட்டர் விசிறிகளை வெளிப்புறம் காற்று வீசும்படி வையுங்கள். ஒன்று சுழன்றால் வண்டி அதற்கு எதிர்ப்பக்கம் போகும். இரண்டு சேர்ந்தால் இடைப்பட்ட திசையில் போகும். வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் எத்திசையும் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. பெற்றரியின் பாரம் நடுவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு விசிறியின் தள்ளலும் அந்தப் பார மையத்தினூடே செல்ல வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஓடாமல் பம்பரமாகச் சுற்றும். ஓட்டுவதை விட நிறுத்துவதே கஷ்டம். உராய்வு குறைவாதலால் எதிர்ப்பக்க விசிறியால்தான் பிரேக் போட வேண்டும்.

டோச் பெற்றரி மட்டும் போதும். வீட்டு மின்சாரம் கூடவே கூடாது. விசிறிக்கு வலை போடுங்கள். தலைமுடியும் முக்காட்டு நுனியும் சிக்காமல் பாருங்கள். வெடித்த பலூன் துண்டுகள் கைக்குழந்தையின் வாய்க்குப் போகாதபடி உடனே அகற்றுங்கள்.

ஆண் பிள்ளையின் வேலையென்று மகளை ஒதுக்கிவிடாதீர்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் நம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. அங்கு பௌதிகவியல் படிக்கப் போகிறவள், விசையும் உராய்வும் என்னவென்று வீட்டுத் தரையிலேயே கண்டுகொள்ளட்டும். இரண்டு நாள் வீடு குப்பையானால் பரவாயில்லை, கூட்டிக்கொள்ளலாம்.