நில்லாத மிதிவண்டி

ஒருவர் பல நாள் இரவும் பகலும் மிதிவண்டியினின்று இறங்காது வட்டமிடுவதைக் காணத் தமிழ்நாட்டு ஊர்களில் மக்கள் திரண்ட காலம் ஒன்று இருந்தது. உணவும் நீராட்டும் வண்டியின் மீதே. மாலையில் ஒலிபெருக்கிப் பாட்டும் ஆடலும் நிகழும். ஊர் விழாக்கோலம் பூணும். காண்போர் இடும் காசே அவருக்கு ஊதியம்.

மாணவர்களே, விரைந்து ஓட்டுவதினும் மெல்ல ஓட்டுவதே அரிது. வண்டி சாயும் பக்கமே கைப்பிடியைத் திருப்பினால்தான் அது நிமிரும். வேகம் குறையக் குறையத் திருப்பம் மிகுதல் வேண்டும். உறக்கம் கண்ணை அழுத்தும் பின்னிரவில் ஒரு கணம் கை அயர்ந்தாலும் வண்டி வீழும். கூட்டம் கலைந்துபோன அந்நேரமே அவரது திறமைக்கு உண்மையான சோதனை என்பேன்.

இன்று இக்காட்சி பெரும்பாலும் மறைந்துவிட்டது. 1975ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த தொலைக்காட்சி, பின்னர் வீடுதோறும் புகுந்து மாலைக் கூட்டத்தைக் கவர்ந்துகொண்டது. வட்டமிடுதற்கு வேண்டிய திறந்த வெளிகளும் சுருங்கின. வடசென்னையிலுள்ள மணலியை நோக்குங்கள். 1969இல் அங்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிற்று. உர ஆலையும் பிறவும் தொடர்ந்தன. அங்கு வேலைக்கு மிதிவண்டியில் செல்வோர் இன்றும் உளர். துறைமுகம் நோக்கி விரையும் சரக்குப் பெட்டக லாரிகளுக்கு அஞ்சி, அவர்கள் சாலையோரத்தில் ஒதுங்கிச் செல்கின்றனர்.