பிரிண்டர் மேல பழி போடாதீங்க: ஆபீஸ் கோளாறை நாமே கண்டுபிடிக்கிறது எப்படி?

[கேமரா நேராக. பின்னால் மேசை, கம்ப்யூட்டர், லேசர் பிரிண்டர்]

சென்னை கோட்டூர்புரத்துல ஒரு சின்ன ஆபீஸ்னு வெச்சுக்கோங்க. ஆடிட்டர் ஆபீஸா இருக்கலாம், குடியிருப்போர் சங்கமா இருக்கலாம். மாநகராட்சிக்கு ஒரு தமிழ்க் கடிதம் போகணும், அதுவும் அஞ்சு மணிக்குள்ள. பிரிண்ட் கொடுத்தா தாள்ல தமிழே இல்ல. "வணக்கம்" இருக்க வேண்டிய இடத்துல டி, இசட், எஃப், அரைப்புள்ளி, மறுபடி எஃப், கே, அரைப்புள்ளி. உடனே ஆபீஸ்ல ஒரு குரல் வரும்: "பிரிண்டர் போச்சு சார், சர்வீசுக்கு போன் போடுங்க."

போடாதீங்க. அந்த பிரிண்டர் ஒரு தப்பும் பண்ணல. கார்ட்ரிட்ஜ் மாத்தினாலும் அதே டி, இசட், எஃப்தான் வரும், இன்னும் கறுப்பா வரும்.

தாள்ல ஒரு எழுத்து விழணும்னா அது நாலு இடத்தைத் தாண்டி வரணும்.

[திரையில்: 1. ஃபைல் 2. கம்ப்யூட்டர் 3. வழி 4. பிரிண்டர்]

ஒண்ணு, நீங்க டைப் பண்ண ஃபைல். ரெண்டு, கம்ப்யூட்டர்ல இருக்கிற டிரைவரும் பிரிண்ட் வரிசையும். மூணு, வழி: யூஎஸ்பி ஒயர், இல்லன்னா வைஃபை. நாலாவதுதான் பிரிண்டர். கோளாறு இந்த நாலுல எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க ரெண்டு சோதனை போதும். காசு செலவு இல்ல.

முதல் சோதனை. ஜெராக்ஸ் எடுக்கிற வசதி உள்ள பிரிண்டரா? கம்ப்யூட்டரைத் தொடாம, கண்ணாடி மேல ஒரு தாளை வெச்சு காப்பி பட்டனை அழுத்துங்க. காப்பி நல்லா வந்தா டோனர், ரோலர், தாள் எல்லாம் சரி. நாலாவது இடம் தப்பிச்சது. கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 மாதிரி ஸ்கேனர் இல்லாத மாடலா? ஒயரைக் கழட்டி, அதே டிரைவர் இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாருங்க.

ரெண்டாவது சோதனை. விண்டோஸ் செட்டிங்ஸ்ல உங்க பிரிண்டரைத் திறந்து "பிரிண்ட் டெஸ்ட் பேஜ்" கொடுங்க. அது ஒழுங்கா வந்தா கம்ப்யூட்டர், வழி, பிரிண்டர் மூணும் சரி. மிச்சம் இருக்கிறது ஃபைல் மட்டும்தான். காப்பி நல்லா வருது, டெஸ்ட் பேஜ் வரலன்னா, நடுவுல இருக்கிற ரெண்டுல ஒண்ணு.

இப்ப பின்னாலிருந்து முன்னால வரலாம்.

[அத்தியாயம்: பிரிண்டர்]

காப்பியே மோசமா வருதுன்னா, அந்தத் தாளைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. அதுலயே பதில் இருக்கு.

ஒரே புள்ளி, ஒரே இடைவெளியில திரும்பத் திரும்ப மேலிருந்து கீழ வரைக்கும் வருதா? ஸ்கேல் எடுத்து அந்த இடைவெளியை அளங்க. உள்ள சுத்துற ஏதோ ஒரு உருளைல கீறலோ அழுக்கோ இருக்கு. அது ஒரு சுத்து சுத்தி முடிக்கிறப்பெல்லாம் அந்தப் புள்ளி விழுது. சின்ன லேசர் பிரிண்டர்கள் பலதுல ட்ரம்முங்கிற உருளையோட சுற்றளவு ஏழரை சென்டிமீட்டர் அளவுல இருக்கும். உங்க புள்ளியும் அந்த இடைவெளியில வந்தா சந்தேகம் ட்ரம் மேல. ட்ரம் கார்ட்ரிட்ஜுக்குள்ளயே இருக்கிற மாடல்ல, கார்ட்ரிட்ஜை மாத்தினா தீர்ந்தது.

எழுத்து நல்லாத்தான் விழுது, ஆனா விரலால தேய்ச்சா மாவு மாதிரி உதிருதா? டோனர் பொடியைச் சூட்டுல உருக்கித் தாளோட ஒட்டவைக்கிற ஃப்யூசர் சரியா சூடாகல. இதுக்கு சர்வீஸ் ஆள்தான் வரணும். தாள் முழுக்க சாம்பல் பூத்த மாதிரி வருதா? பலதடவை ரீஃபில் பண்ண கார்ட்ரிட்ஜ். கழிவு டோனர் நிறைஞ்சிருக்கும், இல்ல துடைக்கிற பிளேடு தேஞ்சிருக்கும்.

அடுத்தது தாள் சிக்கிறது. சென்னைல இது ஐப்பசி, கார்த்திகைல கூடுதலா வரும். காரணம் ஈரம். ரீமைப் பிரிச்சு டிரேல போட்டு வாரக்கணக்குல விட்டா, தாள் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சு ஓரம் சுருளும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். ரெண்டு மூணு தாளா சேர்ந்து இழுக்கும், நடுவுல நிக்கும். மழைக்காலத்துல அன்னன்னைக்கு வேண்டிய தாளை மட்டும் டிரேல போடுங்க. மிச்சத்தை ரீம் உறைக்குள்ளயே மடிச்சு வைங்க. போடுறதுக்கு முன்னால தாள்கட்டை நல்லா விசிறி விடுங்க. புதுத் தாள்லயும் இழுக்கலன்னா பிக்கப் ரோலரோட ரப்பர் வழவழன்னு ஆகியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு, லேசா தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணியால ரப்பரைத் துடைச்சு, காயவிட்டுப் பாருங்க.

இங்க் டேங்க் பிரிண்டர் வெச்சிருக்கீங்களா? ராத்திரி சுவர் சுவிட்சை அணைச்சுட்டு வீட்டுக்குப் போற பழக்கத்தை விடுங்க. முதல்ல பிரிண்டரோட சொந்த பட்டனை அழுத்தி அணைக்கணும். அப்பதான் ஹெட் தன் இடத்துல போய் மூடிக்கும். இல்லன்னா இங்க் காஞ்சு அடைச்சுக்கும். வாரத்துக்கு ஒரு கலர் பக்கம் எடுத்தா ஹெட் ஈரமாவே இருக்கும்.

[திரையில்: யூபிஎஸ் படம், மேல சிவப்புக் குறுக்குக்கோடு]

மின்சாரம் பத்தி ஒரே ஒரு விஷயம். மேசைக்குக் கீழ இருக்கிற 600 விஏ யூபிஎஸ்ல லேசர் பிரிண்டரை மாட்டாதீங்க. ஃப்யூசர் சூடாகிற அந்த நேரத்துல லேசர் பிரிண்டர் பலநூறு வாட்ஸ் இழுக்கும். யூபிஎஸ் தாங்காது. பிரிண்ட் கொடுத்தவுடனே கம்ப்யூட்டர் அணையுதுன்னு சொல்ற ஆபீஸ்ல முதல்ல இந்த ஒயரைத்தான் பாக்கணும். பிரிண்டர் சுவர் பிளக்ல, கம்ப்யூட்டரும் மோடமும் யூபிஎஸ்ல.

இன்னொண்ணு, இந்த ஊர்க்காரங்களுக்குன்னே. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கினப்ப கோட்டூர்புரத்துக்குள்ள தண்ணி புகுந்தது உங்களுக்கே தெரியும். தரைத்தள ஆபீஸ்ல சிபியூவும் யூபிஎஸ்ஸும் தரையில இருந்தா, அக்டோபருக்கு முன்னால மேசை மேல ஏத்துங்க. தண்ணி புகுந்த மெஷினை "வேலை செய்யுதான்னு பாப்போம்"னு ஆன் பண்ணாதீங்க. ஈரத்தோட கரண்ட் பாஞ்சாதான் போர்டு எரியும். ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற கணக்கு முக்கியம்னா, அப்படியே டேட்டா மீட்கத் தெரிஞ்ச ஆள்கிட்ட கொடுங்க.

[அத்தியாயம்: கம்ப்யூட்டர்]

பிரிண்ட் கொடுக்கிறீங்க, ஒண்ணும் வரல. மறுபடி கொடுக்கிறீங்க, பத்துத் தடவை கொடுக்கிறீங்க. வரிசைல பத்தும் நிக்கும், முதல்ல நிக்கிற ஒரு ஃபைல் கெட்டுப்போய் மிச்ச ஒன்பதையும் மறிச்சுக்கிட்டிருக்கும். அழிக்கச் சொன்னா "டெலீட்டிங்"னு காட்டிட்டு அப்படியே கிடக்கும்.

[திரைப்பதிவு: ஒவ்வொரு படியும் மெதுவாக]

நான் பண்றதை அப்படியே பண்ணுங்க. ஸ்டார்ட்ல "சர்வீசஸ்"னு தேடித் திறங்க. "பிரிண்ட் ஸ்பூலர்"ங்கிற வரியை ரைட் கிளிக் பண்ணி ஸ்டாப் கொடுங்க. இப்ப சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம் 32, ஸ்பூல், அதுக்குள்ள பிரிண்டர்ஸ் ஃபோல்டர். உள்ள இருக்கிற ஃபைல்களை மட்டும் அழிங்க, ஃபோல்டரை அழிக்காதீங்க. திரும்பி வந்து ஸ்பூலரை ஸ்டார்ட் பண்ணுங்க. அவ்வளவுதான்.

இதோட ரெண்டு இடத்தைப் பாத்துருங்க. வரிசை ஜன்னல்ல "யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்"ல டிக் இருந்தா எடுங்க. அப்புறம் "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்". இது ஆன்ல இருந்தா, கடைசியா எதுல பிரிண்ட் எடுத்தீங்களோ அதையே விண்டோஸ் டீஃபால்ட்டா வெச்சுக்கும். நேத்து ஒரு பிடிஎஃப் உருவாக்கினீங்க, இன்னைக்கு எல்லா பிரிண்டும் பிடிஎஃபா போகும். அதை ஆஃப் பண்ணிட்டு, உங்க பிரிண்டரை நீங்களே டீஃபால்ட்டா வைங்க.

[அத்தியாயம்: வழி]

வைஃபை பிரிண்டர் நேத்து ஓடுச்சு, கரண்ட் போய் வந்ததும் "ஆஃப்லைன்"னு காட்டுது. பெரும்பாலும் ஐபி முகவரி மாறியிருக்கும். ரவுட்டர் மறுபடி ஆன் ஆனப்ப பிரிண்டருக்கு வேற எண்ணைக் கொடுத்திருக்கும், கம்ப்யூட்டர் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கிட்டிருக்கும். பிரிண்டர்ல நெட்வொர்க் விவரப் பக்கத்தை பிரிண்ட் எடுத்தா இப்போதைய எண் தெரியும். அது 169.254னு ஆரம்பிச்சா, ரவுட்டர்கிட்டேருந்து எண்ணே கிடைக்கலன்னு அர்த்தம். நிரந்தரத் தீர்வு, ரவுட்டர் செட்டிங்ஸ்ல அந்த பிரிண்டருக்குன்னு ஒரு எண்ணை ஒதுக்கி வைக்கிறது. ரவுட்டர் போட்ட ஆள்கிட்ட சொன்னா பண்ணித் தருவார்.

நம்ம ஊர்ல அதிகமா இருக்கிறது வேற ஏற்பாடு. ஒரு கம்ப்யூட்டர்ல யூஎஸ்பில பிரிண்டர், அதை ஷேர் பண்ணி மத்த நாலு பேரும் எடுக்கிறது. இதுல கடைசியில 11பின்னு முடியிற ஒரு பிழை எண் வருதா? அதுக்கு ஒரு கதை இருக்கு. ஸ்பூலர்ல பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிய தெரிஞ்சு, 2021 ஜூலையில மைக்ரோசாஃப்ட் அவசரமா அப்டேட் விட்டது. பிரிண்ட்நைட்மேர்னு அந்த ஓட்டைக்குப் பேர். அதே வருஷம் செப்டம்பர் அப்டேட்டுக்கு அப்புறம் ஷேர் பண்ண பிரிண்டர்கள் பல ஆபீஸ்ல இந்தப் பிழையோட நின்னுபோச்சு. ரெஜிஸ்ட்ரில ஒரு மதிப்பை சைபர் ஆக்கச் சொல்லி நிறைய வீடியோ இருக்கு. வேலை செய்யும். ஆனா அந்த செப்டம்பர் அப்டேட் கொண்டுவந்த பாதுகாப்பைத்தான் அது அணைக்குது. முதல்ல எல்லா கம்ப்யூட்டரையும் ஒரே மாதிரி அப்டேட் பண்ணுங்க, டிரைவரைப் புதுசா போடுங்க. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சுங்கிறதையும் மனசுல வைங்க.

[அத்தியாயம்: ஃபைல்]

இப்ப அந்த டி, இசட், எஃப் கடிதத்துக்கு வரலாம். டெஸ்ட் பேஜ் அழகா வருது, இந்தக் கடிதம் மட்டும் வரல. அப்ப கோளாறு ஃபைல்ல.

பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல கம்ப்யூட்டருக்குத் தமிழ்னு ஒண்ணு தெரியவே தெரியாது. ஆங்கில எழுத்துகளோட இடத்துல தமிழ் எழுத்து உருவத்தை வரைஞ்சு வெச்சிருப்பாங்க. ஃபைலுக்குள்ள சேமிச்சிருக்கிறது ஆங்கில எழுத்து, ஃபான்ட் இருக்கிற மெஷின்ல மட்டும் அது தமிழாத் தெரியும். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டருக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ ஃபைல் போனா, உண்மை முகம் வெளிய வந்துரும். யூனிகோடுங்கிற பொதுக் குறியீட்டு முறைல தமிழுக்குன்னே தனியா 128 இடம் கொண்ட ஒரு பகுதி இருக்கு, 1991ல வந்த முதல் பதிப்புலேருந்தே. அதுல அடிச்சா ஃபைலுக்குள்ளயே தமிழ்தான் இருக்கும்.

தாள்ல என்ன வந்திருக்குங்கிறதை வெச்சே காரணத்தைச் சொல்லிடலாம்.

[திரையில்: நாலு மாதிரித் தாள்கள், ஒவ்வொன்றாக]

சாதா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வந்தா பாமினி வகை. தலையில புள்ளி வெச்ச ஐரோப்பிய எழுத்துகளும் கலந்து வந்தா வானவில், டாப், திஸ்கி மாதிரி வேற ஒண்ணு. வெறும் கட்டம் கட்டமா வந்தா ஃபைல் யூனிகோடுதான், தேர்ந்தெடுத்த ஃபான்ட்ல தமிழ் இல்ல. நிர்மலா, லதா, இல்லன்னா ஏதாவது ஒரு யூனிகோடு தமிழ் ஃபான்ட்டுக்கு மாத்துங்க. நாலாவது, "கொ" மாதிரி எழுத்து உடைஞ்சு கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நின்னா, நீங்க பயன்படுத்துற மென்பொருளுக்கு யூனிகோடு தமிழைக் கோக்கத் தெரியல. சில பழைய மென்பொருள்ல இதுதான் நடக்கும்.

இந்தச் சிக்கலுக்கான மருந்து கோட்டூர்புரத்துலயே இருக்குங்கிறது பல பேருக்குத் தெரியாது. அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிற அதே காந்தி மண்டபம் சாலையிலதான் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இருக்கு. 1999 பிப்ரவரில சென்னைல நடந்த தமிழிணையம் மாநாட்டுலதான் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் தரமாச்சு. 2001ல தமிழ் இணையப் பல்கலைக்கழகமா தொடங்கினதுதான் இன்னைக்கு இந்தக் கல்விக்கழகம். 2010 ஜூன்ல, கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்துல, யூனிகோடும் டேஸ்16ங்கிற குறியீடும்தான் அரசுத் தரம்னு தமிழக அரசு ஆணை போட்டது. கல்விக்கழகத்தோட இணையதளத்துல மருதம் உள்பட யூனிகோடு ஃபான்ட்களும், விசைப்பலகையும், பழைய ஃபைலை யூனிகோடுக்கு மாத்துற ஒருங்குறி மாற்றியும் இலவசமா கிடைக்குது.

மாத்தும்போது ரெண்டு எச்சரிக்கை. மூலக் குறியீடு எதுன்னு சரியா தேர்ந்தெடுங்க, முதல்ல ஒரே ஒரு வரியை மாத்திப் பாருங்க. அப்புறம், கடிதத்துல நடுவுல இருக்கிற ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாத்தையும் மாற்றி தமிழ்னு நினைச்சு உளறலா மாத்திடும். அதையெல்லாம் கையால திருத்தணும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒரு தடவை முழுசா வாசிங்க.

அஞ்சு மணிக்குள்ள கடிதம் போகணும், மாத்த நேரமில்லையா? டைப் பண்ண அதே கம்ப்யூட்டர்ல பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்க, ஃபான்ட்டும் அதுக்குள்ளயே போயிடும். பிடிஎஃப் திரையில சரியா இருந்து தாள்ல மட்டும் தப்பா வந்தா, அக்ரோபாட்டோட பிரிண்ட் ஜன்னல்ல அட்வான்ஸ்டு போய் "பிரிண்ட் ஆஸ் இமேஜ்" டிக் பண்ணுங்க. பக்கம் படமா போறதால பிரிண்டர் ஃபான்ட்டை மாத்த வழியில்ல.

[கேமரா நேராக]

இவ்வளவும் பாத்தும் தீரலன்னா சர்வீசுக்குக் கூப்பிடுங்க, தப்பே இல்ல. ஆனா "பிரிண்டர் ஓடல"ன்னு சொல்லாதீங்க. "காப்பி நல்லா வருது, டெஸ்ட் பேஜ் வரல, ஸ்பூலரைச் சுத்தம் பண்ணியாச்சு, மாடல் இது"ன்னு சொல்லுங்க. அப்படிச் சொன்னா அவர் சரியான சாமானோட வருவார், இல்ல போன்லயே முடிச்சுக் கொடுப்பார். தேவையில்லாத கார்ட்ரிட்ஜை உங்க தலையில கட்டவும் யாருக்கும் வழி இருக்காது.

உங்க பிரிண்டர் மாடலையும், தாள்ல என்ன வருதுங்கிறதையும் கீழ எழுதுங்க. அடுத்த வீடியோல அதையே எடுத்துப் பாக்கலாம்.