நிறுவல் மரமும் மணிமேகலையின் அனுமான உறுப்புகளும்: ஊடாட்ட நிறுவல் மென்பொருள்வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கூற்றைக் கணினியின் துணையோடு படிப்படியாக நிறுவ உதவும் மென்பொருள், நிறுவலில் பிழையில்லை என்பதை உறுதிசெய்கிறது. ஆயினும் அந்நிறுவல் எவற்றைச் சார்ந்து நிற்கிறது என்பதை அதன் திரை ஒரே பார்வையில் காட்டுவதில்லை. நிறுவலை மரமாக வரைந்து காட்டும் முறை இக்குறையைப் பெரிதும் நீக்குகிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் வரும் மலை–நெருப்பு அனுமானத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அனுமான உறுப்புகளும் அவற்றின் போலிகளும் மரத்தில் தமக்குரிய இடங்களைப் பெறுகின்றன என்பதும், உடன்பாட்டு வழியும் எதிர்மறை வழியும் வேறுவேறு மரங்களைத் தருகின்றன என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள் ஆகும்.

திறவுச்சொற்கள்: நிறுவல் மரம், ஊடாட்ட நிறுவல் மென்பொருள், மணிமேகலை, ஏது, திட்டாந்தம், போலி

முன்னுரை

வலங்கைமானுக்கு அண்மையிலுள்ள பெருநகர் கும்பகோணம். அந்நகரின் அரசுக் கல்லூரி, தமிழ்ப் பதிப்பு வரலாற்றுக்கும் கணித வரலாற்றுக்கும் ஒருங்கே உரிய இடமாகும். 1880 முதல் 1903 வரை அங்குத் தமிழாசிரியராகப் பணியாற்றிய உ.வே. சாமிநாதையர், அக்காலத்திலேயே 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். அவர் சென்னைக்குச் சென்ற மறு ஆண்டில், 1904இல், சீனிவாச இராமானுஜன் அக்கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார்.

இராமானுஜன் தாளின் விலை கருதிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பதிவுசெய்துள்ளன. முடிவுகள் எஞ்சின, அவற்றுக்குச் சென்ற வழி எஞ்சவில்லை. அக்குறிப்பேடுகளின் கூற்றுகளுக்கு நிறுவல் தந்தும் பிறர் நிறுவல்களைச் சுட்டியும் புரூஸ் பெர்ன்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985இல் தொடங்கி 1998இல் நிறைவுற்றன. வழி அழிந்தால் அதனை மீட்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

இன்றைய நிறுவல் மென்பொருளில் வழி அழிவதில்லை. அது கோப்பில் இருக்கிறது. ஆனால் பயில்வோர் கண்முன் உள்ள திரை, சிலேட்டைப் போலவே, ஒரு படி முடிந்ததும் அதை நீக்கி அடுத்த படியைக் காட்டுகிறது. இச்சிக்கலையும் அதற்கான தீர்வையும், தமிழ் ஆய்வாளர்க்கு அறிமுகமான ஓர் அனுமானத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஊடாட்ட நிறுவல் மென்பொருள்

கணித நிறுவலைக் கணினி சரிபார்க்கும் முயற்சி, 1967இல் நெதர்லாந்தில் டி புருய்ன் தொடங்கிய ஆட்டோமேத் திட்டத்தில் வடிவம் பெற்றது. 1970களில் ராபின் மில்னர் வகுத்த முறை, இன்றைய மென்பொருள்கள் பலவற்றுக்கு அடித்தளமாக அமைந்தது. இசபெல், லீன், காக் ஆகியவை இன்று பரவலாக வழங்குவன. இவற்றுள் காக் 2025 முதல் ராக் என்னும் புதுப்பெயரால் வழங்குகிறது. நான்கு வண்ணத் தேற்றத்தின் நிறுவலை ஜார்ஜ் கோந்தியே 2005இல் காக் வழியாகச் சரிபார்த்து முடித்தமை இத்துறையின் முதன்மையான நிகழ்வுகளுள் ஒன்று.

இம்மென்பொருள் செயற்படும் முறை எளியது. நிறுவவேண்டிய கூற்றைப் பயனர் இலக்காக அளிக்கிறார். பின்னர் ஓர் உத்தியைக் கட்டளையாக இடுகிறார். அவ்வுத்தி இலக்கை முடித்துவிடலாம். அல்லது அதைச் சில துணை இலக்குகளாகப் பிரிக்கலாம். துணை இலக்குகள் யாவும் முடிந்தால் நிறுவல் நிறைவுறும். ஒவ்வொரு படியும் விதிக்கு உட்பட்டதா என்பதை மென்பொருளின் சிறிய உட்கரு சரிபார்க்கிறது.

திரையில் இரு பகுதிகள் உள்ளன. ஒன்றில் பயனர் எழுதிய கட்டளைத் தொடர். மற்றொன்றில் அப்போதைய இலக்கும் கையிலுள்ள கருதுகோள்களும். கட்டளைத் தொடர் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் செல்கிறது. ஆனால் நிறுவல் கோடாக அமைவதில்லை, அது கிளைக்கிறது. ஏழாம் கட்டளை எந்தத் துணை இலக்குக்கு உரியது, அத்துணை இலக்கு எங்கிருந்து பிரிந்தது என்பவை கட்டளையைப் படிப்பதால் மட்டும் விளங்குவதில்லை.

2. நிறுவல் மரம்

நிறுவலை மரவடிவில் எழுதும் முறையை கெர்ஹார்ட் கென்ட்சன் 1934–35இல் வெளியிட்ட ஆய்வில் காணலாம். அவருடைய மரத்தில் முற்கோள்கள் மேலேயும் முடிவு அடியிலும் நிற்கும். நிறுவல் மென்பொருளோடு இணைந்த காட்சிக் கருவிகளோ பெரும்பாலும் இலக்கை உச்சியில் வைத்துக் கீழ்நோக்கிக் கிளைகளை வரைகின்றன. ஹெண்ட்ரிக் டெவ்ஸ் உருவாக்கிய புரூஃப்ட்ரீ இத்தகையது. அது காக் மென்பொருளில் பணிபுரியும்போதே மரத்தை உடனுக்குடன் வரைந்து, நடப்புக் கிளை, முடிந்த கிளை, நிறுவாமல் ஏற்கப்பட்ட கிளை ஆகியவற்றை வெவ்வேறு நிறத்தில் காட்டுகிறது. லீன் மென்பொருளுக்குப் பேப்பர்புரூஃப் என்னும் கருவி உள்ளது.

காவிரிப் படுகையின் பாசன அமைப்பை அறிந்தவர்க்கு இம்மரம் புதிதன்று. கல்லணையில் பிரியும் நீர் ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் கிளைத்து வயலை அடைகிறது. தலைமடையில் நீர் நிறைந்திருப்பதால் மட்டும் பாசனம் முடிந்ததாகாது. கடைமடை வயல் ஒவ்வொன்றும் நீர் பெறவேண்டும். நிறுவலும் அத்தகையதே. ஒரே ஒரு இலை திறந்திருந்தாலும் வேரில் உள்ள கூற்று நிறுவப்பட்டதாகாது. அந்த ஓர் இலை எங்கிருக்கிறது என்பதை மரம் காட்டுகிறது. கட்டளைத் தொடர் காட்டுவதில்லை.

3. உடன்பாட்டு வழி

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை இலக்கணத்தைக் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகள் அங்கு மலை–நெருப்பு எடுத்துக்காட்டால் விளக்கப்படுகின்றன. இம்மலை நெருப்புடையது என்பது பக்கம்; புகையுடைமை ஏது; அடுக்களை திட்டாந்தம்; இம்மலையும் புகையுடையது எனப் பொருத்துவது உபநயம்; முடிவுகூறுவது நிகமனம். இதனை மரமாக வரைந்தால் பின்வருமாறு அமையும்.

வேர்: இம்மலை நெருப்புடையது
— கிளை 1: இம்மலை புகையுடையதாயின் நெருப்புடையது
— — இலை: புகையுடையது எதுவும் நெருப்புடையது
— கிளை 2 (இலை): இம்மலை புகையுடையது

இம்மரத்தில் மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, பக்கமும் நிகமனமும் ஒரே இடத்தில், அதாவது வேரில், நிற்கின்றன. மரத்தை வேரிலிருந்து இலைநோக்கிப் படித்தால் அது இலக்கு, எனவே பக்கம். இலையிலிருந்து வேர்நோக்கிப் படித்தால் அது முடிவு, எனவே நிகமனம். கூறியது கூறலாகத் தோன்றும் இவ்விரண்டும் படிக்கும் திசையால் வேறுபடுகின்றன. மென்பொருளில் பயனர் முதல் திசையில் செல்கிறார். உட்கரு சரிபார்க்கும் நிறுவலோ இரண்டாம் திசையில் பொருள்படுகிறது.

இரண்டாவது, உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என இக்காதை கூறுவதற்கு மரத்தில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. பொதுவிதியும் ஏதுவும் இலைகளாகத் தரப்பட்டபின், இடைப்பட்ட பொருத்துதல் இயந்திரமே செய்யக்கூடிய பணியாகிறது. மென்பொருளில் ஒரு தானியங்கு உத்தி அதனை முடித்துவிடும். எனவே வாதியின் பொறுப்பு இலைகளிலேயே தங்குகிறது.

மூன்றாவது, அடுக்களைக்கு மரத்தில் இடமில்லை. புகையுடையது எதுவும் நெருப்புடையது என்னும் பொதுவிதியே இலையாக நிற்கிறது. அடுக்களை அவ்விதியை நம்புவதற்கான சான்று. விதியை நிறுவும் கிளையன்று. மென்பொருளில் இவ்விதியைக் கருதுகோளாகவே அளிக்க இயலும். இந்திய அனுமானம், காட்சியிலிருந்து பெற்ற அறிவையும் தன்னுள் கொண்டது; தூய வடிவ அளவையாக அது முற்றிலும் சுருங்காது. அச்சுருங்காமை எந்த இலையில் இருக்கிறது என்பதை மரம் சுட்டுகிறது.

4. எதிர்மறை வழி

இக்காதை எதிர்மறைத் திட்டாந்தத்தையும் கூறுகிறது. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை. நீர் அதற்கு எடுத்துக்காட்டு. வழக்கமான உரைநடையில் இது முன்னைய விதியின் மறுவடிவமாகவே தோன்றும். மரமாக வரையும்போது வேறுபாடு வெளிப்படுகிறது.

வேர்: இம்மலை நெருப்புடையது
— இரட்டை எதிர்மறை நீக்கம்: இம்மலை நெருப்பற்றது என்பது பொருந்தாது
— — முரண்பாடு (கருதுகோள்: இம்மலை நெருப்பற்றது)
— — — கிளை 1: இம்மலை புகையற்றது
— — — — இலை: நெருப்பற்றது எதுவும் புகையற்றது
— — — — இலை: இம்மலை நெருப்பற்றது (மேற்கருதுகோள்)
— — — கிளை 2 (இலை): இம்மலை புகையுடையது

இம்மரம் முன்னையதினும் உயரமானது. இதில் தற்காலிகக் கருதுகோள் ஒன்று புகுந்து, முரண்பாட்டால் விலக்கப்படுகிறது. அதனினும் முக்கியமானது இரட்டை எதிர்மறை நீக்கம் என்னும் படியாகும். காக் மென்பொருளின் அடிப்படை அளவையில் இப்படி இயல்பாகக் கிடைப்பதில்லை. அதனை ஒரு கோட்பாடாகத் தனியே ஏற்கவேண்டும். நெருப்பற்றது எனல் பொருந்தாது என்பதிலிருந்து நெருப்புடையது என்பதற்குச் செல்வது ஒரு தனி அடி என்பதை மரம் மறைக்க விடுவதில்லை. உடன்பாட்டு வழியில் இவ்வடி தேவைப்படவில்லை. இரு திட்டாந்தங்களும் ஒரே வலிமையுடையவையா என்னும் வினாவை இவ்வேறுபாடு எழுப்புகிறது.

5. போலிகளின் இடம்

பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி பதினான்கு, திட்டாந்தப் போலி பத்து என இக்காதை போலிகளை விரித்துரைக்கிறது. பயில்வோர் இவற்றை நெட்டுருச் செய்யவேண்டிய பட்டியலாகவே கருதுவதுண்டு. மரத்தை முன்வைத்துப் பார்த்தால், பிழை எந்தக் கணுவில் நேர்கிறது என்பதே முதன்மைப் பகுப்பு எனத் தெளிவாகிறது. பக்கப் போலி வேரின் பிழை. திட்டாந்தப் போலி பொதுவிதி இலையைத் தாங்கும் சான்றின் பிழை.

ஏதுப் போலியின் மூவகையும் இவ்வாறே விளங்கும். அசித்தம் என்பது ஏதுவாகிய இலை நிலைபெறாமை. பனியோ ஆவியோ என ஐயுற்ற ஒன்றைப் புகையென்று துணிந்து நெருப்பை நிறுவுவது இவ்வகையின் ஓர் எடுத்துக்காட்டு. மென்பொருளில் இதற்கு இணையானது, நிறுவாத துணை இலக்கை அப்படியே ஏற்கும் கட்டளையாகும். அநைகாந்திகத்தில் ஏதுவையும் முடிவையும் இணைக்கும் விதி உறுதிபெறுவதில்லை. விருத்தத்தில் ஏது எதிர்முடிவையே தருகிறது. அதாவது, அந்த இலைமேல் எழும் மரத்தின் வேர் வேறொன்றாகிவிடுகிறது.

6. வரம்புகள்

மரக்காட்சி எல்லா இடர்ப்பாடுகளையும் தீர்ப்பதில்லை. ஒரே துணைத் தேற்றம் பல இடங்களில் பயன்படும்போது மரம் அதனைத் திரும்பத் திரும்ப வரையவேண்டியிருக்கும். பெரிய நிறுவல்களில் மரம் திரையைக் கடந்து அகல்வதால், கிளைகளைச் சுருக்கி விரிக்கும் வசதி தேவையாகிறது. தானியங்கு உத்தி ஒன்று நூறு படிகளை ஒரே கட்டளையில் முடித்தால், மரத்தில் அது ஒற்றைக் கணுவாகவே தோன்றும். மேலும், படம் நிறுவலாகாது, சரிபார்ப்பது உட்கருவே. இலையில் வைத்த கருதுகோள் உலகில் மெய்யா என்பதை உட்கருவும் அறியாது. மலையில் தோன்றுவது புகையா பனியா என்பதைக் காண்பவரே தீர்மானிக்கவேண்டும்.

முடிவுரை

நிறுவல் மென்பொருள் தரும் உறுதி, நிறுவலைப் புரிந்துகொண்டதற்கு ஈடாகாது. எது எதைத் தாங்குகிறது என்பதைக் கண்டபோதே புரிதல் தொடங்குகிறது; அதனை நிறுவல் மரம் காட்சியாக்குகிறது. மணிமேகலையின் அனுமானத்தை இம்மரத்தில் இட்டு நோக்கியதில், பக்கமும் நிகமனமும் ஒரே கணுவின் இரு திசைகள் என்பதும், உடன்பாடும் எதிர்மறையும் அளவை நிலையில் ஒத்தவை அல்ல என்பதும், போலிகளின் பகுப்பு கணுவின் இடத்தைச் சார்ந்தது என்பதும் பெறப்பட்டன.

அளவை இலக்கணம் கூறும் காதைகள் கடினமானவை எனக் கருதப்பட்டு வகுப்பறையில் விரைந்து கடக்கப்படுகின்றன. கணித வகுப்பிலோ நிறுவல் பெரும்பாலும் வரிவரியாக எழுதப்பட்டு அழிக்கப்படுகிறது. இரு துறை ஆசிரியர்களும் கரும்பலகையில் முதலில் மரத்தை வரைந்து, இலைகளைச் சுட்டிக்காட்டிப் பாடத்தைத் தொடங்கலாம். அதற்குக் கணினிகூடத் தேவையில்லை. 29ஆம் காதையின் முப்பத்து மூன்று போலிகளையும் நிறுவல் மென்பொருளில் தனித்தனியே வடிவமைத்துப் பார்ப்பது, இவ்வாய்வின் அடுத்த கட்டமாக அமையும்.