கூன் போட்டு உட்கார்ந்தால் முதுகு வலிக்குமா?

‘நிமிர்ந்து உட்கார்’ என்று பிள்ளையை அதட்டாத வீடு கிடையாது. வளைந்து உட்காருவதுதான் தீராத முதுகுவலிக்குக் காரணம் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழம். உண்மை கொஞ்சம் சிக்கலானது.

1960களில் சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்றது கணக்கு. பழி நாற்காலியின் மேல் விழுந்தது. 1999இல் வெளியான, வில்கே என்ற ஆய்வாளர் குழுவின் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது: தளர்ந்து சரிந்து உட்கார்ந்தபோது அழுத்தம் குறைந்தது! (அளந்தது ஒரே ஒருவரிடம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அப்புறம் ஏன் வலிக்கிறது? எந்த நிலையானாலும், அசையாமல் நீண்ட நேரம் இருந்தால் ஒரே தசைகள் சுமை தாங்கிச் சோர்கின்றன. தசைநார்கள் மெல்ல இழுபட்டுத் தளர்கின்றன. விறைப்பாக நிமிர்ந்தே இருப்பவருக்கும் இதே கதிதான்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி வேறு ரகம். அதில் நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்து, சின்ன அசைவையும் ஆபத்தாக எடுத்துக்கொள்ளலாம். தூக்கக் குறைவு, மன அழுத்தம், அசைந்தால் கெட்டுவிடும் என்ற பயம் எல்லாம் அதற்குத் தீனி போடும். ஆகவே விலையுயர்ந்த நாற்காலியைவிட, அடிக்கடி எழுந்து நாலு எட்டு நடப்பது மேல். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.