போன் பதிவு கோர்ட்டுக்குப் போகும்போது

வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அச்சிட்டு, வக்கீலிடம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள். அவ்வளவு சுலபமாக உடைபடும் சாட்சியம் வேறு கிடையாது. யாருடைய எண்ணையும் எவர் பெயரிலும் நம் போனில் பதிந்துகொள்ளலாம். அரட்டையை எக்ஸ்போர்ட் செய்தால் கையில் வருவது வெறும் எழுத்துக் கோப்பு. நடுவில் ஒரு வரியைச் சேர்க்க ஒரு நிமிடம் ஆகாது. செய்தி உண்மையா பொய்யா என்ற விவாதமெல்லாம் பிறகுதான். அது போனிலிருந்து நீதிபதியின் மேசைக்கு எப்படி வந்தது, இடையில் யார் கையில் இருந்தது என்பதில்தான் முதல் சண்டையே நடக்கும்.

மூலமா, நகலா என்பது முதல் கேள்வி. போனுக்கு உரியவரே கூண்டேறி, இது என் போன், பதிவு இதில்தான் இருக்கிறது என்று அந்தக் கருவியையே ஒப்படைத்தால், பதிவு எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிசெய்யும் சான்றிதழ் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பென்டிரைவில் ஏற்றியது, சி.டி.யில் பதிந்தது, தாளில் அச்சிட்டது எல்லாம் நகல். நகலுக்குச் சான்றிதழ் வேண்டும்.

இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதை உணர்த்தியது ஒரு கேரளத் தேர்தல் வழக்கு. 2011 சட்டமன்றத் தேர்தலில் ஏறநாடு தொகுதியில் தோற்ற பி.வி. அன்வர், வென்றவர் தரப்பு தன்னைப் பற்றி அவதூறான பாட்டுகளையும் பேச்சுகளையும் பரப்பியது என்று வழக்குப் போட்டார். பதிவுகளைக் கணினியில் ஏற்றி, அதிலிருந்து சி.டி. எடுத்துத் தாக்கல் செய்தார். சான்றிதழ் வைக்கவில்லை. 2014-இல் உச்ச நீதிமன்றம் அந்த சி.டி.க்களை ஏற்க மறுத்தது. பிரச்சாரத்தில் ஒலித்த மூல சி.டி.க்களையே கைப்பற்றிக் கொண்டுவந்திருந்தால் கதை வேறு என்றும் சொன்னது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005-இல் அதே நீதிமன்றம் சான்றிதழ் விஷயத்தில் காட்டியிருந்த தளர்வு அன்றோடு முடிந்தது.

அப்போது இந்தச் சான்றிதழ் விதி சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. வக்கீல்கள் வாயில் இன்னும் 65பிதான். புதிய சட்டம் சான்றிதழை இரண்டு பகுதியாக்கியிருக்கிறது: ஒன்றில் கருவியைக் கையாண்டவர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் ஒரு நிபுணர். அந்த நிபுணருக்கு என்ன தகுதி வேண்டும் என்று பிரிவு விளக்கவில்லை. வாடகைத் தகராறுக்காகப் போன் பதிவோடு வரும் சாமானியர் நிபுணரைத் தேடி எங்கே போவார் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இரண்டு பகுதியிலும் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். கோப்பின் மொத்த உள்ளடக்கத்தையும் கணக்கிட்டு வரும் நீண்ட குறியீடு அது. கோப்புக்குக் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடும். கைப்பற்றிய அன்று எடுத்த ஹாஷும் கோர்ட்டில் எடுக்கும் ஹாஷும் பொருந்தினால், இடையில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள்.

பொருந்தாவிட்டால்? 2017-இல் கேரளத்தில் ஒரு நடிகை தாக்கப்பட்ட வழக்கில், நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்த மெமரி கார்டின் ஹாஷே மாறியிருந்தது. ஆனால் அதிலிருந்த வீடியோ கோப்புகளின் தனித்தனி ஹாஷ் மாறவில்லை. காட்சிகளை யாரும் திருத்தவில்லை, ஆனால் கார்டை எதிலோ செருகித் திறந்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். ஒரு கார்டைச் சாதாரணமாகக் கணினியிலோ போனிலோ செருகினாலே அந்தக் கருவி தன் பங்குக்கு ஏதாவது எழுதிவைத்துவிடும். தடய ஆய்வகத்தில் ரைட் பிளாக்கர் என்ற கருவியை இடையில் வைத்துப் படி எடுப்பது இதைத் தடுக்கத்தான். ஆகவே ஹாஷ் மாறிவிட்டது என்று கத்துவதும் போதாது, மாறவில்லை என்று ஆறுதல் கொள்வதும் போதாது. எதனுடைய ஹாஷ், எப்போது எடுத்தது, யார் எடுத்தார் என்று கேட்க வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் கேட்க வேண்டியது நகல். இதே கேரள வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம், மெமரி கார்டில் உள்ள பதிவு ஓர் ஆவணமே, எனவே அதன் படியைப் பெற குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பொதுவாக உரிமை உண்டு என்றது. பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் சம்பந்தப்பட்டதால் அங்கே மட்டும், படி தராமல், வக்கீலும் நிபுணரும் உடனிருந்து பார்வையிட அனுமதித்தது. படி கையில் வந்த பிறகுதான் குறுக்கு விசாரணைக்கு உயிர் வரும். மகஜரில் போனின் ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறதா, கைப்பற்றியதும் உறையிட்டு முத்திரை வைத்தார்களா, ஆய்வகத்துக்கு அனுப்பும்வரை எங்கே கிடந்தது, இடையில் யாராவது சார்ஜ் போட்டு ஆன் செய்தார்களா? பெரும்பாலும் விசாரணை அதிகாரி தடுமாறுவது இந்த இடைவெளிகளில்தான்.

ஆட்சேபத்துக்கு நேரம் உண்டு. சான்றிதழ் இல்லை என்பதை, அந்த ஆவணத்தைக் கோர்ட்டில் சான்றாவணமாகக் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஹரியானா கொலை வழக்கொன்றில் அழைப்பு விவரப் பட்டியலுக்குச் சான்றிதழ் இல்லை. கீழ்க் கோர்ட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. மேல்முறையீட்டில் எழுப்பியபோது உச்ச நீதிமன்றம் 2017-இல் ஏற்கவில்லை. அன்றே சொல்லியிருந்தால் அரசுத் தரப்பு குறையைச் சரிசெய்திருக்குமே என்பது காரணம்.

பதிவு எதிராளியிடமோ ஓர் அலுவலகத்திலோ இருந்து, சான்றிதழ் தர மறுத்தால்? மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதியில் 2014-இல் வேட்புமனு காலக்கெடு தாண்டி வாங்கப்பட்டதா என்ற தகராறில், தேர்தல் அதிகாரி அலுவலகக் கேமராப் பதிவுதான் சாட்சி. மனுதாரர் திரும்பத் திரும்ப எழுதிக் கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. சான்றிதழ் கட்டாயமே என்று 2020-இல் உறுதிசெய்த அதே தீர்ப்பு, தன்னால் ஆனதையெல்லாம் செய்தவரைத் தண்டிக்க முடியாது என்றும் சொல்லி அவருக்கு விலக்குத் தந்தது. எழுதிக் கேட்ட கடிதங்கள் அவரிடம் இருந்தன. அதனால் எதையும் வாய்வார்த்தையில் கேட்காதீர்கள். தராவிட்டால் நீதிபதியிடம் மனுப் போட்டுச் சம்மன் அனுப்ப வைக்கலாம். கேமராப் பதிவாக இருந்தால் கூடுதல் அவசரம், பதிவுப் பெட்டி நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

இத்தனையும் தாண்டிப் பதிவு உள்ளே வந்தாலும், சாட்சியமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பது மட்டுமே உறுதி. அதை நம்ப வேண்டுமா என்பது தனி விசாரணை. கேமராப் பெட்டியின் கடிகாரம் இருபது நிமிடம் முன்னே ஓடியிருக்கலாம்; கைப்பற்றியபோது சரியான நேரத்தோடு ஒப்பிட்டு எழுதிவைத்தார்களா என்று பார்க்க வேண்டும். செல்போன் கோபுர விவரம் சொல்வது, அந்த சிம் எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தது என்பதை மட்டும். எந்த வீட்டில் என்று அதற்குத் தெரியாது. சிம்மைச் சட்டைப் பையில் வைத்திருந்தது யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.