புரோக்கர் யாருக்காக வேலை செய்கிறார்?

இந்த எபிசோடில் டெக் பேச்சுக்கு லீவு. போன வருஷம் எங்க வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடந்தது. திருச்சியில் இருந்த பழைய வீட்டை அப்பா விற்றார். அந்தப் பணத்தோடு என் ஹோம் லோனையும் சேர்த்து சென்னையில் ஒரு ஃபிளாட் தேடினோம். விற்கிறவர், வாங்குறவர் என இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால், கத்துக்கிட்டதைச் சொல்லிடறேன்.

மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட் எங்களுக்குப் பிடித்திருந்தது. பத்து வருஷப் பழசு, விலை 72 லட்சம். புரோக்கர் நல்ல மனிதர்தான், போன் பண்ணினால் உடனே எடுப்பார். இரண்டாவது தடவை பார்த்துவிட்டு இறங்கும்போது படிக்கட்டிலேயே சொன்னார்: "சார், நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க. இன்னைக்கே அஞ்சு லட்சம் அட்வான்ஸ் போட்டுட்டா வீடு உங்களுக்கு."

அப்பா செக் புக்கை எடுத்துவிட்டார். ரிட்டயர்மென்ட் பணம் அது.

"ஒரு நாள் குடுங்கண்ணே, ஈசி பாத்துட்டு சொல்றேன்"னு நான் சொன்னேன். ஈசி என்றால் வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, இவ்வளவு கொடுத்தால் போதும். கோட் எழுதுறவங்களுக்குச் சொல்லணும்னா, அது அந்தச் சொத்தோட கிட் லாக். யார் யாருக்கு விற்றார், யார் அடமானம் வைத்தார் என வரிசையாக வரும்.

அன்றைக்கு ராத்திரி பார்த்தபோது நாலாவது வரியில் 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று இருந்தது. பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியதன் பதிவு அது. கடனை அடைத்திருந்தால் அதற்குப் பிறகு ஒரு ரசீது ஆவணம் பதிவாகியிருக்க வேண்டும். அது இல்லை. புரோக்கரிடம் கேட்டேன். "அது எப்பவோ முடிஞ்ச லோன் சார்" என்றார். அப்படியானால் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வாங்கித் தரச் சொன்னோம். மூன்று நாள் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. ஓனருடைய மகன் தொழிலுக்காக வாங்கிய கடன், 31 லட்சம் பாக்கி.

கடன் இருக்கும் வீட்டை வாங்கக் கூடாது என்றில்லை. நம்ம வங்கி அவங்க வங்கிக்கு நேராகப் பணம் கட்டி, பத்திரத்தை வாங்கிக்கொள்ளும் வழி இருக்கு. ஆனால் அவர்கள் அட்வான்ஸை ரொக்கமாகக் கையில் கேட்டார்கள். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தப்பு. வாங்குகிறவருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம் விழலாம். நாங்கள் விலகிக்கொண்டோம்.

புரோக்கர் எங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கணக்கைப் போட்டுப் பாருங்க. எங்களிடம் ஒரு சதவீதம் என்றால் 72,000 ரூபாய். எங்களுக்காகப் பேரம் பேசி மூன்று லட்சம் குறைத்தால் அவருக்கு நஷ்டம் 3,000. விலை கூடினாலும் குறைந்தாலும் அவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. டீல் முடியாமல் போனால்தான் மொத்தமும் போச்சு. அதனால் அவர் உழைப்பது டீல் முடிவதற்கு.

இதே கணக்கு திருச்சியிலும் வந்தது. நாங்கள் 48 லட்சம் சொன்னோம். 45க்கு ஒருவர் வந்ததும், "குடுத்துடுங்க சார், மார்க்கெட் டல்லா இருக்கு" என்றார் அங்கிருந்த புரோக்கர். இரண்டு சதவீதக் கமிஷனில் அந்த மூன்று லட்சம் அவருக்கு 6,000 ரூபாய். எங்களுக்கு மூன்று லட்சமும் மூன்று லட்சம்தான். ஏழு வாரம் பொறுத்தோம், 47க்கு முடிந்தது.

அப்போ புரோக்கரே வேண்டாமா? வேணும். ஏரியா நிலவரம், எந்தத் தெருவில் மழைக்குத் தண்ணி நிற்கும், எந்த ஓனர் அவசரத்தில் இருக்கார், இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதை அவரிடம் கேளுங்க. பத்திரம் சரியா என்று மட்டும் அவரிடம் கேட்காதீங்க. அதற்கு நீங்களே காசு கொடுத்து ஒரு வக்கீலைப் பிடியுங்க. தாய்ப்பத்திரத்திலிருந்து 30 வருஷ ஆவணங்களை அவர் பார்க்கட்டும். கிட் லாகில் கமிட் ஆனது மட்டும்தான் தெரியும், இல்லையா? பதிவு செய்யாத உயிலும் அக்ரிமென்ட்டும் ஈசியில் வராது.

இன்னும் சில விஷயங்கள். ஃபிளாட் என்றால் யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப்பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்க. நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டினால் நிலத்தில் உங்க பங்கு அதுதான். புது பிராஜெக்ட் என்றால் ரெரா பதிவு எண் கேளுங்க. 2016ஆம் வருஷத்து ரெரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. ஆனால் 500 சதுர மீட்டருக்குள், அல்லது எட்டு வீட்டுக்குள் அடங்கும் பிராஜெக்டுக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை. நம்ம ஊர்த் தெருக்களில் வரும் சின்ன அபார்ட்மென்ட் பல இந்த வகைதான். அங்கே கூடுதல் கவனம் வேணும்.

பட்ஜெட்டில் பதிவுச் செலவை மறக்காதீங்க. தமிழ்நாட்டில் பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 72 லட்சத்துக்கு அதுவே கிட்டத்தட்ட ஆறரை லட்சம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டுவதும் வாங்குகிறவர் பொறுப்பு.

ஆறு மாசம் கழித்துப் பள்ளிக்கரணையில் ஒரு ஃபிளாட் அமைந்தது. அந்தத் தடவை புரோக்கர் அட்வான்ஸ் பேச்சை எடுத்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே கேட்டார்: "தம்பி, முதல்ல ஈசி எடுத்துப் பாத்துடலாமா?"

வீடு தேடிக்கிட்டிருக்கிற நண்பர் யாராவது இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதை அனுப்பிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.