சேமித்த மின்சாரத்தில் சோறு வேகுமா?

செலண்டார் போன்ற தோட்டப் பகுதிகளில் வளர்ந்த பெரியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். மலேசியாவில் 1963-இல் தொலைக்காட்சி வந்தது. ஆனால், பல தோட்டங்களில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் மின்சாரம். லயத்து மக்கள் கார் பேட்டரியில் பெட்டியை இணைத்துப் படம் பார்த்தார்கள்.

இன்று அந்தப் பேட்டரியோடு 'இன்வெர்ட்டர்' என்ற கருவி சேர்ந்திருக்கிறது. 12 வோல்ட் மின்சாரத்தை வீட்டுக்குரிய 230 வோல்ட்டாக அது மாற்றுகிறது. பிறர் தரும் ஒற்றை ஒயரை நம்பிச் சந்தையில் கடை போடுவோருக்கும், வீட்டு வண்டியில் ஊர் சுற்றுவோருக்கும் நல்ல துணை. ஆனால், வாங்குமுன் கணக்குப் போடுங்கள்.

ஒயரில் கிடைப்பது 5 ஆம்பியர் என்றால், அது 1150 வாட். 700 வாட் சோற்றுக் குக்கரையும் 1000 வாட் மின் அடுப்பையும் ஒன்றாகப் போட்டால் பியூஸ் போய்விடும்.

பேட்டரி எவ்வளவு தாங்கும்? 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் இருப்பது 1200 வாட்-மணி. அது நீடித்து உழைக்கப் பாதியைத்தான் எடுக்கலாம். இன்வெர்ட்டர் தின்பது போக மிஞ்சுவது ஏறக்குறைய 500. ஒரு 60 வாட் விசிறியும் இரண்டு 10 வாட் விளக்கும் ஆறு மணி நேரம் ஓடும். குக்கரோ அரை மணி நேரம் ஓடினாலே பெரிது!

ஆகவே, குக்கரையும் அடுப்பையும் ஒயரிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். விசிறியையும் விளக்கையும் பேட்டரிக்கு விடுங்கள். இரவில் ஒயர் சும்மா இருக்கும்போது 10 ஆம்பியர் சார்ஜரைப் போட்டால், ஏழு மணி நேரத்தில் எடுத்தது நிரம்பிவிடும். அதற்கு ஒயரிலிருந்து போவது ஓர் ஆம்பியருக்கும் குறைவே.

சில எச்சரிக்கைகள். கார் பேட்டரி வண்டியைக் கிளப்புவதற்கு மட்டுமே ஏற்றது. அடிக்கடி வற்றவிட்டால் சீக்கிரம் செத்துப்போகும். நெடுநேரம் மின்சாரம் கொடுப்பதற்கென்றே செய்த பேட்டரியைக் கேட்டு வாங்குங்கள். சார்ஜ் ஏறும்போது ஈயப் பேட்டரியிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும்; படுக்கையறையிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள். பேட்டரிக்கு அருகிலேயே கம்பியில் பியூஸ் இருக்கட்டும். இன்வெர்ட்டரின் ஒயரைச் சுவர்ச் சொக்கெட்டில் ஒருபோதும் செருகாதீர்கள். அந்த மின்சாரம் வெளிக்கம்பியில் ஏறி, பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைப் பறித்துவிடும்.

பேட்டரியும் உண்டியல் மாதிரிதான். போட்டதைவிட அதிகமாக அது திருப்பித் தராது.